கலவை எரிபொருளின் துளி எப்படி எரிகிறது?

எரிபொருள் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. டீசல் இன்ஜினில் இன்ஜெக்டர் எரிபொருளை மிக நுண்ணிய துளிகளாகச் சிதறடிக்கிறது. சூடான காற்று துளியின் மேற்பரப்பை ஆவியாக்க, வெளியேறும் ஆவியும் உள்ளே வரும் ஆக்சிஜனும் சந்திக்கும் இடத்தில் சுடர் நிலைகொள்கிறது. அச்சுடரின் வெப்பம் துளிக்குத் திரும்பி மேலும் ஆவியை எழுப்புகிறது.

ஒரே பொருளாலான துளிக்கு எளிய விதி உண்டு: விட்டத்தின் வர்க்கம் காலப்போக்கில் சீராகக் குறையும். விட்டம் பாதியானால் எரியும் நேரம் கால்பங்காகும். 1950களில் கோட்சேவ், ஸ்பால்டிங் ஆகியோர் நிறுவிய இவ்விதி இன்றும் இத்துறையின் அடித்தளம்.

கலவைத் துளி இவ்விதிக்கு அடங்குவதில்லை. எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பயோடீசலுக்கு 300 டிகிரிக்கு மேல் வேண்டும். இரண்டும் கலந்த துளியில் மேற்பரப்பிலுள்ள எத்தனால் முதலில் ஆவியாகிவிடும். எஞ்சும் பயோடீசல் உறைபோல் சூழ்ந்துகொள்ளும். திரவத்துக்குள் மூலக்கூறுகள் மிக மெதுவாகவே நகர்வதால், உள்ளிருக்கும் எத்தனால் வெளியே வர வழியின்றிச் சிக்கிக்கொள்கிறது. மேற்பரப்போ பயோடீசலின் கொதிநிலையை நோக்கிச் சூடேறுகிறது. உள்ளே எத்தனால் தன் கொதிநிலையைத் தாண்டியும் திரவமாகவே தாக்குப்பிடிக்கும். ஏறத்தாழ 200 டிகிரியை நெருங்கும்போது ஒரே கணத்தில் குமிழியாக விரிந்து துளியைச் சிதறடிக்கும். சூடான எண்ணெயில் விழுந்த நீர் தெறிப்பதும் இதே காரணத்தால்தான். துளி இப்படிச் சிதறுவதற்கு நுண்வெடிப்பு என்று பெயர்.

பயோடீசலுக்கு இது பெரும் உதவி. டீசலைவிடப் பிசுபிசுப்பு மிகுந்த அது இன்ஜெக்டரிலிருந்து சற்றுப் பெரிய துளிகளாகவே வெளிவருகிறது. நுண்வெடிப்பு அவற்றை இரண்டாம் முறை உடைத்து, காற்றோடு நன்கு கலக்கச் செய்கிறது. ஆனால் எத்தனால் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் வெடிப்பு வலுவிழக்கும்.

ஆய்வகங்களில் சுமார் ஒரு மில்லிமீட்டர் துளியை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, அதிவேகக் கேமராவால் படம்பிடிக்கிறார்கள். இந்த அளவீடுகளை எச்சரிக்கையோடுதான் இன்ஜினுக்குப் பொருத்த வேண்டும். இழையே குமிழி தோன்ற இடம் கொடுத்துவிடும். இன்ஜினின் துளிகளோ பல மடங்கு சிறியவை, உயர் அழுத்தத்தில் இருப்பவை. அவை தனித்தனியாக அல்லாமல் கூட்டமாக எரிகின்றன.

இத்தகைய கலவை எரியும்போது புகை குறைவதற்கு, காற்றோடு நன்கு கலப்பதைத் தவிர வேறு காரணமும் உண்டு. எத்தனாலின் எடையில் சுமார் 35 சதவீதமும் பயோடீசலின் எடையில் சுமார் 11 சதவீதமும் ஆக்சிஜன். இது சுடருக்குள் கரித்துகள் உருவாவதைக் குறைக்கிறது. ஈடாக, கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பமும் டீசலைவிடக் குறைவு.

எத்தனாலை டீசலில் மட்டும் கலந்தால், சிறிது நீர் சேர்ந்தாலே இரண்டும் பிரிந்துவிடும். பயோடீசல் அவற்றைப் பிணைத்து வைக்கிறது. 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் என்பது இந்தியாவின் 2018ஆம் ஆண்டு உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு. அந்தக் கலவையில் இரண்டின் கொதிநிலைகளும் நெருங்கியிருப்பதால் நுண்வெடிப்பை எதிர்பார்க்க முடியாது. அதற்கு எத்தனால் போன்ற எளிதில் ஆவியாகும் பொருளும் சேர வேண்டும்.