தொட்டில் பழக்கத்தை வெல்லும் மனவிழிப்பு

'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. தமிழ்ப்பள்ளி நாள்களில் இப்பழமொழியை மனனம் செய்து தேர்வில் எழுதியவர்கள் நாம். ஆனால், தொட்டிலில் தொடங்காமல் பல்கலைக்கழகத்தில் தொற்றிக்கொள்ளும் பழக்கங்களும் நம்மை எளிதில் விடுவதில்லை. மாமாக் கடையில் விளையாட்டாகத் தொடங்கும் சிகரெட், விடியற்காலை இரண்டு மணிவரை கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பது, இடுபணியைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடுவது எனப் பட்டியல் நீளும். "நாளையோடு விட்டுவிடுவேன்" என்று உறுதி எடுப்பதும் மறுநாளே அது உடைவதும் விடுதிகளில் அன்றாடக் காட்சி. மனவுறுதி ஏன் தோற்கிறது? வேறு வழி உண்டா?

பழக்கத்தின் சங்கிலி

உளவியலாளர்கள் பழக்கத்தை மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலியாக விளக்குவர். அவை தூண்டல், செயல், பலன் என்பனவாகும். தேர்வு நெருங்குகிறது, மனம் பதறுகிறது, இது தூண்டல். சிகரெட்டைப் பற்றவைப்பது செயல். பதற்றம் சற்றே தணிவதுபோல் தோன்றுவது பலன். இச்சங்கிலி மீண்டும் மீண்டும் சுழலச் சுழல, சிந்திக்காமலேயே கை சிகரெட்டைத் தேடுகிறது.

'வேண்டாம்' என்று நம்மைத் தடுக்க வேண்டியது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதி. தூக்கமின்மையும் மன அழுத்தமும் மிகும்போது இப்பகுதியின் செயல்திறன் குறைகிறது. எனவேதான், மனவுறுதி மிகவும் தேவைப்படும் தேர்வுக் காலத்திலேயே அது நம்மைக் கைவிடுகிறது.

மனவிழிப்பு என்றால் என்ன?

இக்கணத்தில் உடலிலும் மனத்திலும் நிகழ்வதை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் உற்றுநோக்குவதே மனவிழிப்பு. பௌத்தத் தியான மரபில் வேரூன்றிய இதனை, 1979-ஆம் ஆண்டு ஜான் கபட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நோயாளிகளுக்கான பயிற்சியாக வடிவமைத்தார்.

இது பழக்கத்தை மாற்றுமா? யேல் பல்கலைக்கழகத்தில் ஜட்சன் புரூவர் குழுவினர் நடத்தி, 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 20 சிகரெட் புகைத்த 88 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 17 வாரங்களுக்குப் பிறகு, வழக்கமான புகைநிறுத்தப் பயிற்சி பெற்றவர்களில் 6 விழுக்காட்டினரே புகைக்காமல் இருந்தனர். மனவிழிப்புப் பயிற்சி பெற்றவர்களில் அது 31 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், எனினும், வேறுபாடு பெரிது.

நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்களிடம் போவன், மார்லட் ஆகியோர் நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அதில் மனவிழிப்பைக் கற்றவர்களுக்குப் புகைக்கும் ஆசை மற்றவர்களைவிடக் குறைந்துவிடவில்லை. ஆயினும், அடுத்த ஏழு நாள்களில் அவர்கள் புகைத்த சிகரெட்டுகள் குறைந்தன. நாம் கவனிக்க வேண்டிய உண்மை இதுவே. ஆசை எழும், ஆனால், எழும் ஆசைக்கெல்லாம் நாம் கட்டுப்பட வேண்டியதில்லை.

எப்படிப் பழகுவது?

1. நில்லுங்கள். ஆசை எழும்போது அதோடு மல்லுக்கட்டாதீர்கள். "இதோ, ஆசை வந்திருக்கிறது" என்று மனத்துக்குள் சொல்லுங்கள்.

2. கவனியுங்கள். அது உடலில் எங்கே தெரிகிறது? நெஞ்சில் இறுக்கமா? கைகளில் பரபரப்பா? வாயில் வறட்சியா?

3. மூச்சோடு இருங்கள். ஆசை கடலலை போன்றது. எழும், உச்சம் தொடும், தானாகவே தணியும். அலை தணியும்வரை மூச்சைக் கவனித்துக் காத்திருங்கள்.

4. பலனை எடைபோடுங்கள். ஆசைக்கு இணங்கிவிட்டாலும் விழிப்போடு இருங்கள். அச்சிகரெட்டின் சுவை உண்மையில் எப்படி இருக்கிறது? நள்ளிரவில் ஒரு மணி நேரம் காணொளி பார்த்த பிறகு மனம் நிறைந்ததா, கண் எரிந்ததா? பலன் இனிப்பாக இல்லை என்பதை அனுபவத்தில் உணர உணர, சங்கிலியின் பிடி தளரும்.

ஒரு நாளில் இது கைகூடாது. காலையில் ஐந்து நிமிடம் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியோடு தொடங்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. நிக்கோட்டின் உடலையும் அடிமையாக்கும் பொருள். மனவிழிப்பு மருத்துவ உதவிக்கு மாற்றாகாது. நம் நாட்டு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகள் பலவற்றில் புகைப்பதை நிறுத்த உதவும் சேவை உண்டு. அங்குச் செல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

நம் இளைஞர்கள் பலருக்குப் பல்கலைக்கழக இடம் எளிதில் கிடைத்ததன்று. பெற்றோரின் உழைப்பில் கிடைத்தது. இம்மூன்று நான்கு ஆண்டுகளில் நாம் பழகுவதே பின்னாளில் நம்மோடு வரும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் வரலாம். ஆனால், விழித்திருப்பவனிடம் அது தன் விருப்பம்போல் நடந்துகொள்ள முடியாது. விழிப்போம், வெல்வோம்!