ஸி. எஸ். லூயிஸ் விசுவாசம் எய்திய நெறி

கடவுள் உண்டு என்பாரும் இல்லை என்பாரும் எக்காலத்தும் எந்நாட்டினும் உளர். மணிமேகலையிற் சமயக் கணக்கர் நடுவே தன் கொள்கையை எடுத்துரைக்கும் பூதவாதியைத் தமிழ் பயிலும் மாணாக்கர் நன்கறிவர். நாத்திகம் என்னும் சொல் ‘இல்லை’ எனப் பொருள்படும் வடசொல்லினின்றும் பிறந்தது. வேதத்தைப் பிரமாணமாகக் கொள்ளாதாரையும் பண்டையோர் அச்சொல்லாற் சுட்டினர். யாம் ஈண்டு அதனைக் கடவுள் இல்லையென்னும் கொள்கை என்ற பொருளிலேயே வழங்குகின்றோம். அக்கொள்கையை நெஞ்சார உடையார் ஒருவர் அதனின்றும் நீங்கிக் கிறிஸ்துவை விசுவசிப்பாராயின், அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது? மின்னல் வெட்டினாற்போல நொடியில் நிகழ்வதா, படிப்படியாக நிகழ்வதா? அறிவு அதற்குத் துணையா, தடையா? இவ்வினாக்களை ஆராய்தற்கு, ஆக்ஸ்போர்டுச் சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கிய ஆசிரியராய் விளங்கிய கிளைவ் ஸ்டேப்பிள்ஸ் லூயிஸ் என்பாரின் வரலாறு பெரிதும் பயன்படும். தாம் வந்த வழியை அவரே தன்வரலாறாக எழுதி 1955-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

லூயிஸ் 1898 நவம்பர் 29-இல் அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்ட் நகரிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், தாயார் ஒரு குருவானவரின் மகளார், கணிதம் பயின்று பட்டம் பெற்றவர். ஆதலின் ஞானஸ்நானமும் ஜெபமும் ஆலயமும் நம்மிற் பலர்க்குப்போலவே அவர்க்கும் பிறப்போடு வந்தன. அவர் ஒன்பது வயதினராயிருந்த 1908-ஆம் ஆண்டில் தாயார் புற்றுநோயால் இறந்தார். அன்னை பிழைக்கவேண்டுமென்று அவர் மன்றாடினார், அவ்வேண்டுதல் நிறைவேறவில்லை. இதனாலேயே அவர் நாத்திகரானார் என்று எளிதிற் கூறிவிடத் தோன்றும். ஆனால் அவரே அதனை மறுக்கின்றார். அன்று தாம் நாடியது ஆண்டவரையன்று, கேட்டதைச் செய்துவிட்டு அகன்று போகும் மாயவித்தைக்காரன் ஒருவனையே என்றும், அவ்வேமாற்றம் தம் சமயவுணர்ச்சியைத் தொடவேயில்லை என்றும் அவர் பிற்காலத்திற் கருதினார்.

மறுப்பு வேரூன்றியது பள்ளிப் பருவத்திலாகும். இங்கிலாந்தில் மால்வெர்ன் என்னும் ஊரிற் பயின்ற நாளில், பதின்மூன்று பதினான்கு வயதளவில், மூன்று காரணங்கள் ஒருங்கு கூடின. முதலாவது, ஜெபமே அவர்க்குச் சுமையாயிற்று. சொன்ன சொல்லை உள்ளத்தில் உணர்ந்து சொன்னோமா என்று தம்மைத் தாமே சோதித்து, உணரவில்லையெனத் தோன்றின் மீண்டும் தொடங்குவார், உறக்கம் கெட்டது. அத்தகைய ஜெபத்தினின்றும் விடுதலை கிடைக்குமாயின் மனம் அதனை விரும்பாதோ? இரண்டாவது, வெர்ஜில் முதலிய இலத்தீன் புலவரைக் கற்பித்த ஆசிரியர்கள் அப்புலவர்தம் தெய்வங்களை வெறுங்கற்பனையெனத் தள்ளினர். ஏனையவெல்லாம் பொய்யாக, நம் சமயம் ஒன்று மட்டும் மெய்யாதற்குக் காரணம் யாதென அவர்க்கு ஒருவரும் விளக்கிற்றிலர். மூன்றாவது, வான நூல்களைக் கற்று, எல்லையற்ற வெளியின் இருளையும் குளிரையும் அவர் எண்ணினார். துன்பம் மலிந்த இவ்வுலகை நல்லானொருவன் படைத்திரான் என்று துணிந்தார். எனினும் 1914 டிசம்பரில், தந்தையாரின் மனம் நோகாவண்ணம், சிறிதும் விசுவாசமின்றியே ஆலயத்தில் திடப்படுத்தல் பெற்றார். நாத்திகனாயிருந்ததினும் அவ்வாறு நடித்ததே தம் வாழ்வின் இழிந்த செயல்களுள் ஒன்றென அவர் பின்னர் வருந்தினார்.

1914 முதல் 1917 வரை ஸர்ரேயிலுள்ள கிரேட் புக்கம் என்னும் சிற்றூரில் கர்க்பாட்ரிக் என்னும் முதியவரிடம் தனியே பாடங் கேட்டார். அவ்வாசிரியர் நாத்திகர், தருக்கமே உருவெடுத்தாற்போன்றவர். முதன்முதற் சந்தித்த அன்று லூயிஸ் முகமனாக, இந்நாட்டின் காட்சி எதிர்பார்த்ததினும் காட்டுத்தன்மை மிக்கதாயுள்ளது என்றாராம். உடனே ஆசிரியர் நடையை நிறுத்தி, காட்டுத்தன்மை என்றால் யாது, அவ்வாறு எதிர்பார்த்தற்கு ஆதாரம் யாது என வினவினார். படமோ நூலோ ஒன்றும் ஆதாரமாக இல்லையென ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆதாரமின்றி ஒரு சொல்லும் சொல்லலாகாது என்னும் இப்பயிற்சி லூயிஸின் மறுப்பை உரமாக்கிற்று. எச்சமயத்திற்கும் சான்றில்லையென்று 1916-இல் தம் நண்பர்க்கு எழுதினார். ஆயினும் இப்பயிற்சியே பின்னாளில் அம்மறுப்பையும் ஆதாரங் கேட்டு நின்றது என்பதை யாம் கருதுதல் வேண்டும்.

அறிவு இவ்வாறு ஒருபுறம் செல்ல, நெஞ்சம் மற்றொருபுறம் சென்றது. குழந்தைப் பருவத்தில் அவர் தமையனார் வாரன், பிஸ்கோத்துப் பெட்டியின் மூடியிற் பாசியும் சிறு கொம்பும் பூவும் வைத்து ஒரு விளையாட்டுத் தோட்டம் சமைத்துக் காட்டினார். பின்னர் அதனை நினைந்தபொழுது, இன்னதென்று பெயரிடவியலாத ஏக்கம் ஒன்று லூயிஸின் உள்ளத்தில் எழுந்தது. வடநாட்டுப் புராணக் கதைகளிலும் அவ்வேக்கமே அவரைத் தீண்டிற்று. 1916-இல் லெதர்ஹெட் புகைவண்டி நிலையத்தில் ஜார்ஜ் மாக்டொனால்டின் ‘பாண்டஸ்டிஸ்’ என்னும் கதைநூலை வாங்கிப் படித்தார். அதில் அவ்வேக்கத்தோடு தூய்மையும் கலந்திருப்பதைக் கண்டார். மாக்டொனால்டு கிறிஸ்தவர் என்பது அவர்க்கு இடையூறாகவே தோன்றிற்று. தாம் விரும்பியவெல்லாம் கற்பனை, தாம் மெய்யெனக் கொண்டவெல்லாம் சுவையற்றவை என்னும் பிளவு அவருள் நெடுநாள் நின்றது.

தம் பத்தொன்பதாம் பிறந்தநாளன்று, 1917 நவம்பர் 29-இல், பிரான்சுப் போர்முனையின் அகழிகளை அவர் அடைந்தார். இக்கல்லூரியில் நம்மிற் பலர் இன்று கடக்கும் வயது அது. 1918 ஏப்ரலில் அருகே வெடித்த குண்டினாற் காயமுற்றார். 1919-இல் வேறு பெயரில் அவர் வெளியிட்ட முதற் கவிதை நூலில், இரக்கமற்ற வானத்தைக் கடிந்துரைக்கும் குரலே கேட்கின்றது. போர்க்களத்தில் அஞ்சி ஜெபித்தாரல்லர் என்பதும் அறியத்தக்கது.

பின்னர் ஆக்ஸ்போர்டில் மூன்று தேர்வுகளில் முதல் வகுப்பெய்தி, 1925-இல் மாட்லின் கல்லூரி ஆசிரியரானார். அங்கேதான் மறுப்பின் தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஓவன் பார்பீல்டு என்னும் நண்பர் அவரோடு பல்லாண்டு வாதிட்டார். பழைய கொள்கை என்பதனாலேயே அது பொய்யாகிவிடுமோ? அதனைப் பொய்யென நாட்டியவர் யார், எவ்வாறு நாட்டினர்? இவ்வினாவுக்கு லூயிஸிடம் விடையில்லை. அன்றியும், நினைப்பு என்பது மூளையணுக்களின் அசைவு மட்டுமேயாயின், அதற்கு மெய் பொய் என்னும் வேறுபாடு எவ்வாறு பொருந்தும்? மூங்கில்கள் காற்றில் உராய்ந்து எழுப்பும் ஒலியை மெய்யென்றோ பொய்யென்றோ கூறுவாரிலர். அங்ஙனமாயின் ‘அனைத்தும் அணுவசைவே’ என்னும் கொள்கையும் ஓர் உராய்வொலியாய் முடியுமன்றோ? இவ்வழியே சென்று, உலகிற்கு அடிப்படையாய் அறிவுப்பொருள் ஒன்று உண்டென ஒப்பினார். இவ்வாதம் மறுப்பற்றதன்று. 1947-இல் ‘அற்புதங்கள்’ என்னும் பொருளுடைய நூலில் லூயிஸ் இதனை விரித்தெழுத, 1948-இல் எலிஸபெத் ஆன்ஸ்கோம் என்னும் தத்துவ அறிஞர், தாமும் கிறிஸ்தவராயிருந்தே, அதன் குறைகளை அவைநடுவே எடுத்துக்காட்டினார். லூயிஸ் 1960-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வதிகாரத்தைத் திருத்தியமைத்தார். மெய்யைத் தேடுவார்க்கு இஃது இழுக்கன்று.

செஸ்டர்ட்டன் 1925-இல் வெளியிட்ட உலக வரலாற்று நூல், கிறிஸ்து சமயத்தை மையமாகக் கொண்டு மாந்தர் வரலாற்றை நோக்கலாகும் என்பதை அவர்க்கு உணர்த்திற்று. உறுதிமிக்க நாத்திகர் ஒருவர் ஒருநாள் அவர் அறையிற் குளிர்காய்ந்திருந்தபொழுது, சுவிசேஷங்களின் வரலாற்றுச் சான்று வியக்கத்தக்க அளவு வலியது என்று வாய்தவறிச் சொன்னாற்போலச் சொன்னார். இஃது அவரைக் கலக்கிற்று. பின்னொருநாள் ஹெடிங்டன் குன்றின்மேல் ஏறிச் சென்ற பஸ்ஸில் அமர்ந்திருக்கையில், தாம் எதனையோ உள்ளே புகவிடாது அடைத்து வைத்திருப்பதாகவும், கதவைத் திறக்கவோ மூடிவைக்கவோ தமக்கு உரிமை அளிக்கப்படுவதாகவும் உணர்ந்தார். திறந்தார். 1929-ஆம் ஆண்டின் கோடைப் பருவத்தில், தம் கல்லூரி அறையில், விருப்பமின்றியே முழந்தாளிட்டுக் கடவுள் கடவுளே என ஒப்பினார். ஆராய்ச்சியாளருள் 1930 என்பாரும் உளர்.

இவ்விடத்தே பலர் பிழைபடக் கருதுவர். அன்று அவர் கிறிஸ்தவராகவில்லை. கடவுள் ஒருவர் உண்டென்ற அளவிலேயே நின்றார். மறுமை வாழ்வையும் அப்பொழுது நம்பிற்றிலர். கிறிஸ்துவை அடைதற்கு மேலும் ஈராண்டு சென்றன. தடை யாதெனின், இரண்டாயிரம் ஆண்டின் முன் ஒருவர் பட்ட பாடு இன்று நமக்கு எவ்வாறு உதவும் என்பதே. 1931 செப்டம்பர் 19-ஆம் நாள் இரவு டோல்கீன், ஹியூகோ டைஸன் என்னும் நண்பர் இருவர் அவரோடு மாட்லின் கல்லூரியின் ஆற்றங்கரைப் பாதையில் உலாவி, விடியற்காலம்வரை உரையாடினர். முன்னவர் கத்தோலிக்கர், பின்னவர் ஆங்கிலத் திருச்சபையினர். பால்டர், அடோனிஸ் முதலிய தெய்வங்கள் இறந்து எழும் புராணங்களைப் படிக்கையில் உருகும் உள்ளம், அப்பொருளையே சுவிசேஷத்திற் காணுங்கால் மட்டும் ஏன் இறுகுகின்றது என அவர்கள் வினவினர். கிறிஸ்துவின் சரிதம் அப்புராணங்களைப்போலவே உள்ளத்தைத் தொடுவது. ஆனால் காலமும் இடமும் குறிக்கத்தக்கதாய் மெய்யாகவே நிகழ்ந்தது என்பது அவர்கள் கூற்று. ஏக்கமும் அறிவும் வெவ்வேறாய் நின்ற பிளவு இங்கே கூடலுற்றது. சில நாட்களின் பின், செப்டம்பர் 28-இல், தமையனாரின் மோட்டார்ச் சைக்கிளின் பக்க வண்டியில் அமர்ந்து விப்ஸ்னேடு விலங்குச்சாலைக்குச் சென்றார். புறப்படுங்கால் இயேசு தேவகுமாரன் என்ற நம்பிக்கை அவர்க்கில்லை. சென்று சேர்ந்தபொழுது இருந்தது. வழியில் ஆழ்ந்த சிந்தனையோ பெருங்கிளர்ச்சியோ இல்லை. உறங்கியவர் தாம் விழித்திருத்தலை அறிவது போன்றிருந்தது என்பது அவர் கருத்து.

ஆயின், இளமையில் அவரை மறுக்கச் செய்த துன்பம் என்னும் வினா யாதாயிற்று? 1940-இல் அதுபற்றி ஒரு நூல் எழுதி விடைகாண முயன்றார். அவர் 1956-இல் மணந்த ஜாய் டேவிட்மன் என்னும் அமெரிக்க அம்மையாரும் முன்பு நாத்திகராயிருந்து கிறிஸ்தவரானவரே. அவ்வம்மையார் 1960-இல் புற்றுநோயால் இறந்தார். தாயைக் கவர்ந்த நோயே மனைவியையும் கவர்ந்தது. அப்பொழுது எழுதிய குறிப்புக்களை 1961-இல் மாற்றுப் பெயரில் வெளியிட்டார். அவற்றில் முன்னைய நூலின் அமைதியைக் காண்டலரிது. அடைத்த கதவின்முன் நின்று அழுவாரின் குரலே உளது. ஆனால் அவர் அக்கதவைவிட்டு அகன்றிலர். பிள்ளைப் பருவத்தில் வித்தைக்காரனை வேண்டினவர், முதுமையில் விடை வாராதபொழுதும் ஆண்டவரோடு வழக்காடினார். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே அவர் வந்த தொலைவை அளந்து காட்டுவதென யாம் கருதுகின்றோம். 1963 நவம்பர் 22-இல் லூயிஸ் காலமானார்.

இவ்வரலாறு கடவுள் உண்டென்பதற்கு நிரூபணமன்று. ஒருவர் சென்ற வழிக்குச் சான்று மட்டுமே. எனினும் கல்லூரி வாழ்விலுள்ள நமக்கு இது சில சொல்லும். விசுவாசமின்றிப் பிரமாணம் ஓதுவாரினும், ஐயத்தை மனமறிய உரைப்பார் மெய்க்கு அணியராயிருத்தல் கூடும். ஐயுறும் தோழரைச் சினந்து ஒதுக்கினாரல்லர் பார்பீல்டும் டோல்கீனும். ஆண்டுக்கணக்காக அவரோடு நடந்தனர், படித்தனர், வாதிட்டனர். கூரிய அறிவைக் கற்பித்த நாத்திக ஆசிரியர்க்கும் லூயிஸ் இறுதிவரை நன்றியுடையவராயிருந்தார். நம் விடுதி அறைகளிலும் இரவில் இத்தகைய வினாக்கள் எழுகின்றன. அவற்றை வாய்மூடச் செய்யாது, பொறுமையோடு கேட்டு, அறிந்தவற்றை அன்போடு கூறி, விடியுமளவும் உடனிருத்தல் விசுவாசமுடைய நமது கடன்.