சொன்னவர் யார்?



சில வருடங்களுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்தோடு ஆரம்பிக்கிறேன். எனது மாலை வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தியின் தாயார், ஒரு நாள் வகுப்பு முடியும் வரை வாசலில் காத்து நின்றார். மகள் ஆறாம் வகுப்பு. மறுநாள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு ஊசி போட இருந்தார்கள்.

"நாளைக்குப் பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பப் போறதில்ல மௌலவி. அந்த ஊசி போட்டா பின்னுக்குப் பிள்ளை கிடைக்காதாம். குறூப்புல ஒருத்தர் பேசி அனுப்பியிருக்கார்" என்றார்.

பேசியவர் யார் என்று கேட்டேன். தெரியாது. எந்த ஊர்? அதுவும் தெரியாது. "பத்திரிகையில் ஏதும் வந்ததா தங்கச்சி?" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பேப்பர்ல வாறத நான் நம்புறதே இல்ல. அந்த டொக்டருக்கு என்ன செஞ்சாங்கன்டு பாத்தோம் தானே!"

அவரது கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயமான கோபம் அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் எது? முகம் தெரியாத ஒருவரின் குரலுக்கு முன்னால் அல்லவா? சகோதரிகளே, இன்று நம்மில் பலர் நிற்பதும் அதே இடத்தில்தான்.

நம்பிக்கை உடைந்த கதை

2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், கறிக்குள் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாகக் கதை கிளம்பியது. முகநூலில் வீடியோ பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதித்தபோது, அது மாத்திரையல்ல, வெறும் மாக்கட்டி என்று தெரிய வந்தது. ஆனால் உண்மை வந்து சேரும்போது கடைகள் எரிந்து முடிந்திருந்தன.

அடுத்த வருடம், ஏப்ரல் 21 தாக்குதல்கள் நடந்து ஒரு மாதமே கழிந்திருந்த வேளை. 2019 மே 23ஆம் திகதி 'திவயின' சிங்களப் பத்திரிகை முதல் பக்கத்தில் ஒரு செய்தி வெளியிட்டது. தௌஹீத் ஜமாஅத்தைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர், சிசேரியன் சத்திர சிகிச்சையின்போது 4,000 சிங்கள பௌத்த தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்பதே அது. செய்தியில் பெயர் இல்லை. மறுநாளே குருநாகல் போதனா வைத்தியசாலையைச் சேர்ந்த வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். காரணமாகப் பொலிஸார் முதலில் சொன்னது சொத்துச் சேர்ப்பு பற்றிய சந்தேகம். நூற்றுக்கணக்கான தாய்மார் பயந்துபோய் முறைப்பாடு செய்ய வந்தார்கள்.

சத்திர சிகிச்சைக் கூடத்தில் வைத்தியர் தனியே நிற்பதில்லை. மயக்க மருந்து கொடுப்பவர், தாதியர், உதவியாளர் என எத்தனையோ கண்கள் பார்த்துக் கொண்டிருக்கும். அத்தனை பேருக்கும் தெரியாமல் 4,000 தடவைகள் இது நடக்க முடியுமா? இந்தச் சிறிய கேள்வியைக் கேட்டிருந்தாலே போதும். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஜூலை 25ஆம் திகதி அவருக்குப் பிணை கிடைத்தது. 2022இல் நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது, அதனை மருந்து வாங்குவதற்கென்றே சுகாதார அமைச்சுக்கு அன்பளிப்புச் செய்தார்.

இந்த அநியாயத்தைக் கண்ணால் கண்ட சமூகம் பத்திரிகையைச் சந்தேகிப்பதில் வியப்பில்லை.

சந்தேகம் வேறு, விசாரணை வேறு

ஆனால் கவனியுங்கள். ஒன்றை நம்பாமல் விடுவதால் மட்டும் நாம் விசாரித்து அறிகிறவர்களாக ஆகிவிடுவதில்லை. ஒரு கதவை மூடிவிட்டு மறு கதவைத் திறந்து வைத்தால் திருடன் அதன் வழியே வருவான்.

2019 பெப்ரவரியில் 'மோமோ' என்ற பயங்கர உருவம் பிள்ளைகளின் வீடியோக்களுக்குள் தோன்றி, தம்மைத் தாமே காயப்படுத்திக் கொள்ளும்படி மிரட்டுகிறது என்று ஒரு செய்தி உலகைச் சுற்றியது. பிரித்தானியாவில் ஒரு தாயார் நல்லெண்ணத்தோடு ஊர் முகநூல் குழுவில் இட்ட எச்சரிக்கையைப் பத்திரிகைகள் எடுத்தன. பத்திரிகைகளைப் பார்த்துப் பாடசாலைகள் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பின. கடிதங்களைப் பார்த்து மேலும் செய்திகள் வந்தன. சிறுவர் நலனுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனங்கள் விசாரித்தபோது, அதனால் எந்தப் பிள்ளைக்கும் தீங்கு நேர்ந்ததாகச் சான்று கிடைக்கவில்லை. அந்த உருவமோ 2016இல் டோக்கியோவில் காட்சிக்கு வைக்கப்பட்ட ஒரு சிற்பம். அதுவும் உக்கிப்போய் 2018இலேயே வீசப்பட்டுவிட்டதாகச் செய்த கலைஞரே சொன்னார். பிள்ளைகளை உண்மையில் பயமுறுத்தியது, பெரியவர்கள் ஆளுக்காள் அனுப்பிய அந்தப் படம்தான்!

அதற்கு முன் வந்த 'நீலத் திமிங்கிலம்' கதையும் இத்தகையதே. 2016 மே மாதம் ரஷ்யப் பத்திரிகை ஒன்று, இணையக் குழுக்கள் 130 இளம் பிள்ளைகளின் மரணத்தோடு தொடர்புபட்டவை என்ற கருத்துப்பட எழுதியது. அந்த எண்ணிக்கை நிரூபிக்கப்படவில்லை. மனம் சோர்ந்த பிள்ளைகள் அத்தகைய குழுக்களைத் தேடிப் போயிருக்கலாம். வைத்தியசாலையில் நோயாளிகள் கூடியிருப்பதைக் கண்டு, வைத்தியசாலைதான் நோயைக் கொடுக்கிறது என்று சொல்லலாமா? அதேவேளை, பிள்ளைகளைத் தூண்டிய குற்றத்துக்காக ஓர் இளைஞன் 2017இல் அங்கே தண்டிக்கப்பட்டதும் உண்மை. ஆகவே எல்லாம் உண்மை என்பதும் தவறு. எல்லாம் பொய் என்பதும் தவறு. பிரித்தறிய வேண்டும்.

நமக்கொரு வழி இருந்தது

பிரித்தறியும் கலை நமக்குப் புதியதா? ஹதீஸ் கலை இமாம்கள் ஒரு செய்தி வந்தால், சொன்னவர் யார், அவர் எவரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவரது நினைவாற்றலும் நாணயமும் எப்படி என்று பார்த்தார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் குறையைக் குறித்து வைத்தார்கள். இன்று நமது கைக்கு வரும் 'அனுப்பப்பட்ட' செய்திக்கு முதல் கண்ணியே இல்லை.

அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மீது அவதூறு பரவிய நாட்களை நினைத்துப் பாருங்கள். அன்னை ஸைனப் (ரழி) அவர்கள் சக மனைவி. அவர்களிடம் விசாரிக்கப்பட்டபோது, கேட்காததைக் கேட்டதாகவோ காணாததைக் கண்டதாகவோ சொல்லாது தமது செவியையும் பார்வையையும் பாதுகாத்துக் கொண்டார்கள். நல்லதையே அறிவேன் என்றார்கள். அவர்களுக்காகப் பரிந்து அந்தக் கதையைப் பரப்பியவர் அவர்களது சொந்தச் சகோதரி. நம் பக்கத்துக்குச் சாதகமானது என்பதற்காகப் பொய்யைச் சுமக்கலாகாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

வீட்டில் என்ன செய்யலாம்?

செய்தி வந்ததும் விரல் நிற்கட்டும். சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், இதைத் தெரிந்த ஒருவரிடம் கேட்க முடியுமா என்று பாருங்கள். ஊசி என்றால் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். பிள்ளையின் தொலைபேசி பற்றிப் பயமென்றால் முதலில் பிள்ளையோடு பேசுங்கள். பத்திரிகை பிழை எழுதினால், 2003இல் அமைக்கப்பட்ட பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது, எழுதிக் கேளுங்கள். நாம் அனுப்பியது பிழையென்று தெரிந்தால், அனுப்பிய அதே இடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்.

அந்தத் தாயாரிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "தங்கச்சி, கறிக்குள் மாத்திரை என்றார்கள், அது பொய். டொக்டர் கருத்தடை செய்தார் என்றார்கள், அதுவும் பொய். இப்போது ஊசியில் என்கிறார்கள். அதே கதைதான், இம்முறை நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது."

அவர் நீண்ட நேரம் பேசவில்லை. மறுநாள் பிள்ளையை அனுப்பவும் இல்லை. ஆனால் அடுத்த வாரம் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குத் தாமே போய்க் கேட்டிருக்கிறார். அது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி, 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுவது என்று விளக்கியிருக்கிறார்கள். பிள்ளைக்கு ஊசி போடப்பட்டது. குழுவிலும் அதை எழுதினாராம். "ரெண்டு பேர் கோவிச்சிட்டாங்க மௌலவி" என்றார்.

கோபிக்கட்டும். அல்லாஹ் நமது நாவுகளையும் விரல்களையும் பாதுகாப்பானாக!