கல்லில் எழுதிய பாட்டும் கணினி பாடும் பாட்டும்



புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசல் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? பக்கத்திலே இருக்கும் சித்தன்னவாசல் ஓவியங்கள் என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். சரிதான். அதே வட்டாரத்தில் இன்னோர் அதிசயமும் இருக்கிறது. அதுதான் குடுமியான்மலை இசைக் கல்வெட்டு!

அங்குள்ள குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன்பு, இசைச் சுரங்களை வரிவரியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எழுத்து கிரந்தம். மொத்தம் ஏழு பகுதிகள். சுரங்களை நான்கு நான்காகச் சேர்த்து அழகாக எழுதியிருக்கிறார்கள். உருத்திராசாரியார் என்பவரின் சீடரான ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. ஆம், உங்களைப் போன்ற மாணவர்களுக்காகத்தான்!

இப்போது ஒரு கேள்வி. அந்தப் பாறை பாடுமா? பாடாது. அதில் இருப்பது எழுத்து. அதைப் படித்துப் பாட ஒருவர் வேண்டும்.

உங்கள் வீட்டுக் கணினியும் அப்படித்தான். அதற்குள் இருக்கும் பாட்டு வெறும் எண்கள். அந்த எண்களைப் படித்துப் பாடும் பாடகர்தான் 'சவுண்ட் கார்டு' எனப்படும் ஒலி அட்டை.

பாட்டு எண்ணாவது எப்படி?

ஒலி என்பது காற்றின் அதிர்வு என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த அதிர்வை மைக் மின்னலையாக மாற்றுகிறது. கணினி அந்த அலையின் உயரத்தை விடாமல் அளந்து எழுதிக்கொள்கிறது.

மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலில் ஒரு அட்டை தொங்குமே, பார்த்திருக்கிறீர்களா? நர்ஸ் அம்மா சில மணிக்கு ஒருமுறை காய்ச்சலை அளந்து அதில் புள்ளி வைப்பார். புள்ளிகளை இணைத்தால் காய்ச்சல் ஏறி இறங்கியது தெரியும். நாளைக்கு ஒரே தடவை அளந்தால், நடுவில் ஏறிய காய்ச்சல் தெரியாமலே போய்விடும் அல்லவா?

இசைத் தட்டான சி.டி.யில் ஒரு நொடிக்கு எத்தனை முறை அளக்கிறார்கள் தெரியுமா? 44,100 முறை! ஏன் இவ்வளவு? நல்ல காது, நொடிக்கு சுமார் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். ஓர் அலையைச் சரியாகப் பிடிக்க, அதன் அதிர்வு எண்ணைப் போல் இரு மடங்குக்கும் மேலாக அளக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கணக்கு.

ஒவ்வோர் அளவையும் 65,536 படிகள் கொண்ட அளவுகோலில் குறிக்கிறார்கள். இதைத்தான் '16 பிட்' என்பார்கள்.

ஐந்து நிமிடப் பாட்டுக்கு எத்தனை எண்கள் வரும்? நீங்களே பெருக்கிப் பாருங்கள். 300 நொடி × 44,100 = 1 கோடியே 32 லட்சத்து 30 ஆயிரம். இடது, வலது என்று இரண்டு காதுக்கும் சேர்த்தால் 2 கோடியே 64 லட்சத்து 60 ஆயிரம்! இத்தனை எண்களையும் ஒன்றுகூடத் தவறாமல், நேரம் பிசகாமல் மின்னலையாக மாற்றித் தருவதுதான் ஒலி அட்டையின் வேலை. அந்த மின்னலை ஸ்பீக்கரை அதிரச் செய்கிறது. பாட்டு கேட்கிறது.

'பீப்' போய் பாட்டு வந்தது

1981-ல் வந்த ஐ.பி.எம். கணினியால் பாட முடியாது. அதற்குள் இருந்த சின்ன ஸ்பீக்கர் 'பீப்' என்று கத்தும், அவ்வளவுதான்! 1987-ல் கனடாவில் 'ஆட்லிப்' என்ற ஒலி அட்டை வந்தது. 1989-ல் 'சவுண்ட் பிளாஸ்டர்' வந்து உலகையே கலக்கியது. அதைச் செய்தது எந்த நாடு தெரியுமா? தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூர்! அங்கே சிம் வோங் ஹூ என்பவர் தொடங்கிய 'கிரியேட்டிவ்' நிறுவனம்தான் அதை உருவாக்கியது.

அப்போதெல்லாம் ஒலி அட்டையைத் தனியாக வாங்கிக் கணினிக்குள் செருக வேண்டும். பிறகு, அதன் வேலையைத் தாய்ப்பலகையில் உள்ள சிறு சில்லே செய்யத் தொடங்கியது. இன்று மடிக்கணினியிலும் கைபேசியிலும் அது உள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் தனியாக வாங்க வேண்டாமா?

"அப்பா, பாட்டு நல்லாவே கேக்கலை. புது சவுண்ட் கார்டு வாங்கித் தாங்க" என்று கேட்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். அப்பா, அம்மா உழைத்துச் சேர்த்த காசு அது. கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

1. சரியான துளையில் செருகியிருக்கிறீர்களா? மேசைக் கணினியில் பொதுவாகப் பச்சை நிறத் துளைதான் ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும். இளஞ்சிவப்பு மைக்குக்கு. நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே கொண்டுவர.

2. அதே ஹெட்போனை வேறொரு கருவியில் செருகி அதே பாட்டைக் கேளுங்கள். அங்கும் மோசமாகவே கேட்டால் குற்றவாளி ஹெட்போன்தான்! பெரும்பாலும் ஸ்பீக்கரும் ஹெட்போனும்தான் பாட்டின் தரத்தை அதிகம் மாற்றுகின்றன.

3. பாட்டுக் கோப்பைப் பாருங்கள். சி.டி.யில் 53 எம்.பி. இடம் பிடிக்கும் ஐந்து நிமிடப் பாட்டு, '128 கே.பி.பி.எஸ்.' எம்பி3 கோப்பில் 5 எம்.பி.க்குள் அடங்கிவிடும். சுருக்கும்போது ஒலியின் சில நுணுக்கங்களை நீக்கிவிடுகிறார்கள். நீக்கியதை எந்த ஒலி அட்டையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

4. பாட்டை நிறுத்திவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து ஒலியளவைக் கூட்டுங்கள். மவுசை நகர்த்தும்போதெல்லாம் 'கிர்ர்...' என்று கேட்கிறதா? கணினிக்குள் ஓடும் மின்சாரத்தின் இரைச்சல் பாட்டில் கலக்கிறது என்று பொருள்.

இந்த நான்காவது கோளாறு இருந்தால் மட்டும் தனி ஒலி அட்டை உதவக்கூடும். அதிலும் யு.எஸ்.பி. துளையில் செருகும் வகை நல்லது. இரைச்சல் மிகுந்த பெட்டிக்கு வெளியே நின்று அது வேலை செய்யும். பெட்டியைத் திறக்கவும் வேண்டியதில்லை. பெரியவர்கள் இல்லாமல் சி.பி.யு. பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள்!

பெரிய எண்ணைக் கண்டு மயங்காதீர்கள்

கடையில் '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பாட்டைப் பதிவு செய்து திருத்துபவர்களுக்கு 24 பிட் பயன்படும். கேட்பதற்கு 16 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். '7.1' என்றால் எட்டு ஸ்பீக்கர்களுக்கு உரியது. நமக்கு இருப்பது இரண்டு காதுகள், ஒரே ஹெட்போன்! ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் எத்தனை டெசிபல் என்று பாருங்கள். 100-ஐ ஒட்டி இருந்தால் போதும்.

விலை கூடியது உண்மையிலேயே நன்றாகப் பாடுகிறதா? கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் பழையதையும் புதியதையும் சொல்லாமல் மாற்றி மாற்றி, பத்து முறை போடட்டும். இரண்டிலும் ஒலியளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஏனென்றால் சத்தம் சற்றுக் கூடியதே நமக்கு நல்லதாகத் தோன்றும். பத்தில் ஐந்துதான் சரி என்றால், நீங்கள் குருட்டாம்போக்கில் சொன்னதாகத்தான் அர்த்தம். காசு மிச்சம்!

வாங்க முடியாத கருவி

கடையில் கிடைக்காத ஒலிக் கருவி ஒன்று உங்களிடம் உள்ளது. அது உங்கள் காது. உட்காதில் உள்ள நுண்ணிய மயிர் அணுக்கள் பெருஞ்சத்தத்தால் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. குழந்தைகள் ஹெட்போனில் 75 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக்கூட, இந்த நேரம் மளமளவென்று குறையும். பக்கத்தில் அம்மா கூப்பிடுவது கேட்கவில்லையா? உடனே ஒலியளவைக் குறையுங்கள்.

செய்து பாருங்கள்

வரைபடத் தாளில் ஒரு வளைந்த அலையை வரையுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தடவை அதன் உயரத்தை அளந்து எண்களை மட்டும் நண்பரிடம் சொல்லுங்கள். அவர் உங்கள் படத்தைப் பார்க்காமல், தன் தாளில் புள்ளி வைத்து இணைக்கட்டும். பிறகு 2 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை அளந்து, மறுபடியும் சொல்லுங்கள். மூன்று படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது உங்கள் அலையைப் போலவே இருக்கிறது?

இந்த விளையாட்டில் உங்கள் நண்பர்தான் ஒலி அட்டை!