கல்லீரல் ஆஞ்சியோசர்கோமா: வேலைத்தளத்திலிருந்து வரும் புற்றுநோய்

கல்லீரலின் இரத்தக் குழாய்களுக்கு உட்புறம் படர்ந்திருக்கும் செல்களில் உருவாகும் புற்றுநோய் ஆஞ்சியோசர்கோமா. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்களில் மிக அரியது, வேகமாகப் பரவுவது. சிகிச்சை இல்லையேல் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. பலருக்கு இது எதனால் வந்தது என்றே தெரிவதில்லை. தெரிந்த காரணங்கள் சில: பிவிசி பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான வினைல் குளோரைடு வாயு, ஆர்செனிக், 1930கள் முதல் 1950கள் வரை எக்ஸ்ரே படம் தெளிவாக விழுவதற்காக உடலில் செலுத்தப்பட்ட தோரோட்ராஸ்ட் என்ற கதிரியக்க மருந்து.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் இருந்த பி.எஃப். குட்ரிச் ஆலையில், தொழிலாளர்கள் பிவிசி தயாராகும் கலன்களுக்குள் இறங்கி, சுவரில் ஒட்டியதைக் கையாலேயே சுரண்டி எடுத்தார்கள். அவர்களில் மூவர் இந்த நோயால் இறந்ததாக 1974 ஜனவரியில் நிறுவனம் அறிவித்தது. இவ்வளவு அரிய நோய் ஒரே ஆலையில் திரும்பத் திரும்ப வந்ததை ஆலை மருத்துவர் ஜான் க்ரீச் கவனித்திருந்தார். அதற்கு முன்பே இத்தாலியில் ஆய்வாளர் சேசரே மால்தோனி, வினைல் குளோரைடைச் சுவாசித்த எலிகளிடம் இதே கட்டியைக் கண்டிருந்தார். நிறுவனங்கள் அதை அறிந்திருந்தும் தொழிலாளர்களிடம் சொல்லவில்லை. மன்னிக்க முடியாத மௌனம் அது. காற்றில் வினைல் குளோரைடு பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த அமெரிக்க வரம்பு, 1975இல் 1 பங்காகக் குறைந்தது.

வாயுவைச் சுவாசித்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நோய் வரலாம். வயிற்றுவலி, எடை குறைதல், மஞ்சள் காமாலை என்று பொதுவான அறிகுறிகளே தென்படும். கல்லீரல் புற்றுநோய்க்கு வழக்கமாகப் பார்க்கும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஸ்கேனில் தீங்கற்ற இரத்தக்குழாய்க் கட்டிபோலத் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. உறுதிசெய்யத் திசுப் பரிசோதனை வேண்டும். அதில் இரத்தக்கசிவு ஆபத்து இருப்பதால் அனுபவமுள்ள மையத்தில் செய்வதே நல்லது. நோயாளி முன்பு பார்த்த வேலைகளையெல்லாம் மருத்துவரிடம் சொல்வதும் அவசியம்.

கட்டி ஒரே இடத்தில் இருந்தால் அறுவை சிகிச்சையே சிறந்த வழி. பரவியிருந்தால் பாக்லிடாக்சல், டாக்சோருபிசின் போன்ற கீமோதெரபி மருந்துகள். கட்டி வெடித்து இரத்தம் கசிந்தால், அதற்குச் செல்லும் நாளத்தை அடைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் மாற்று சிகிச்சை இதற்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. புதிய கல்லீரலிலும் நோய் விரைவில் திரும்பிவிடுகிறது.

அமெரிக்கச் சட்டப்படி வினைல் குளோரைடு ஆலைகள் காற்றின் அளவீடுகளைக் குறைந்தது 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தொழிலாளர் தம் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறலாம். பிரிட்டனில் இந்தப் புற்றுநோய் அரசின் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து நோய் வந்தாலும் உதவித்தொகை கோரலாம். பணிச் சான்று, சம்பளச் சீட்டு, மருத்துவப் பரிசோதனை அறிக்கைகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கோரிக்கையை நிரூபிப்பது எளிது.