ஃபேனை நிறுத்துங்க, ரெக்கார்டிங்!

திருவல்லிக்கேணியில் ஒரு மொட்டைமாடி அறை. செருப்புக் குவியலைத் தாண்டி வாருங்கள், சத்தமில்லாமல்! உள்ளே பதிவு ஓடுகிறது. மே மாத மத்தியானத்தில் ஃபேனை நிறுத்தியிருக்கிறார்கள். அதன் கடகடப்பு ஒலிப்பதிவில் ஏறிவிடுமாம். ஜன்னலில் போர்வை, கதவிடுக்கில் பழைய துண்டு. நடுவில் ஒரு கல்லூரி மாணவி, வியர்வை புத்தகத்தில் சொட்டாமல் துடைத்தபடியே பொருளாதாரப் பாடத்தைப் போனில் வாசித்துப் பதிகிறாள், பார்வையற்ற மாணவர்களுக்காக.

"பணவீக்கத்தின் காரணங்கள்..." கா, கா! காக்கை. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்கள். மறுபடி அதே வரி. இப்போது கீழ்வீட்டுக் குக்கர்.

மூலையில் சம்மணமிட்டிருக்கும் பார்வையற்ற எம்.ஏ. மாணவர்தான் இங்கே நீதிபதி. பதிவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறார். எனக்கு அது கடுகு பொரிவதுபோல் கேட்கிறது, அவருக்கோ ஒரு சொல் தப்பவில்லை. "ஏம்மா, 'கீழே உள்ள படத்தைப் பார்க்க'ன்னு படிச்சிட்டு அடுத்த பக்கம் போயிட்டியே. படத்துல என்னதான் இருக்கு?" அறையே வெடித்துச் சிரிக்கிறது.

அது தேவைக்கோடும் அளிப்புக்கோடும் வெட்டிக்கொள்ளும் படம். "இடப்பக்கம் மேலேருந்து வலப்பக்கம் கீழே ஒரு கோடு இறங்குதுண்ணா." "நேராவா, வளைஞ்சா?" "கொஞ்சம் வளைஞ்சு." "எந்தப் பக்கம்?" அண்ணன் விடுவதாக இல்லை. ஒரே படத்துக்கு அரை மணி நேரம்! எத்தனை தடவை பார்த்த படம். இந்த வாக்குவாதத்தில்தான் எனக்கே ஒழுங்காகப் புரிந்தது.

வெளியே மாடிப்படியில் ஸ்க்ரைப்களுக்கு, அதாவது பார்வையற்றவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித்தருபவர்களுக்கு, ஒத்திகை. கேள்வியை வாசிக்க வேண்டும், சொன்னதை மட்டும் எழுத வேண்டும். விடை தவறென்று தெரிந்தாலும் மூச்சு விடக்கூடாது. ஒரு பையன் நான்கு விடைகளையும் வாசித்ததும், எதிரே இருந்த பார்வையற்ற பெண் கைதட்டிச் சிரிக்கிறாள்: "விடை சி-தானே? சி வந்ததும் உன் குரல் இனிக்குதுடா! மறுபடி படி, எல்லாம் ஒரே மாதிரி வரணும்." பாவம், ஐந்தாவது முறைதான் தேறினான்.

மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் பார்வையற்ற தேர்வர்களுக்கு மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும், எழுதுபவர் விரல் காய்த்துப்போகும். தேர்வர் தானே அழைத்துவரும் ஸ்க்ரைப் அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதனால் பட்டப்படிப்புத் தேர்வென்றால் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குத்தான் கிராக்கி!

போன் அலறுகிறது. நாளைய தேர்வுக்கு எழுத வேண்டிய பையனுக்குக் காய்ச்சல். "நான் போறேன்!" "நீ டிகிரி முடிச்சிட்ட, உட்காரு." கடைசியில் இருப்பதிலேயே சின்னவன் எழுந்து நிற்கிறான். ஸ்பீக்கரில் தேர்வெழுதப்போகும் அக்காவின் குரல்: "தம்பி கையெழுத்து நல்லா இருக்குமா?"

"இருக்காது!" என்கிறது அறை மொத்தமும்.

"சரி, எழுத்துப்பிழையாவது இல்லாம இருக்குமா?"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தம்பி மட்டும், "காலையில எத்தனை மணிக்குக்கா வரணும்?" என்கிறான்.