மலைநகரச் சந்தைகள் – 6: மா மூட்டையும் மரக்கறி லொறியும்

ஓர் ஊரின் சமையலை அறிய அதன் சந்தைக்குப் போகவேண்டும் என்று உணவைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்வார்கள். இஸ்தான்புலுக்கு அது பொருந்தும். அந்நகரின் காடிகோய்ச் சந்தையில் கருங்கடல் மீனும் ஆலிவ் காயும் பாலாடைக்கட்டியும் விற்கிற கடைகளுக்கு நடுவே, மூசா தாதெவிரென் என்ற சமையற்காரர் 1987இல் ஓர் உணவகம் தொடங்கினார். துருக்கியின் கிராமங்களில் அவர் சேகரித்த நாட்டுப்புறச் சமையலை அங்கே பரிமாறினார். வெளியே கடையில் குவிந்திருப்பதற்கும் உள்ளே தட்டில் இருப்பதற்கும் தூரம் அதிகமில்லை. இதே வழியை இலங்கையின் கொத்மலைக்குக் கொண்டுவந்தால் கால் இடறும். புசல்லாவையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியோரக் கடைகளில் லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட் எல்லாம் கழுவி அடுக்கிக் கிடக்கின்றன. அந்த வீதிக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்து அடுப்பில் வேகிறது கோதுமை மா ரொட்டி. கடைப்பலகையை மட்டும் பார்த்து மலையகத்து உணவை எழுதினால் தவறாகத்தான் எழுதுவோம். மலையகச் சமையலை இந்த மண் வகுக்கவில்லை. பங்கீடும் சம்பளமும் வேலை நேரமும் வகுத்தன. அதனாலேயே அது ஒரு சமையல் மரபு ஆகாது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை.

முதலில் அது எப்படி வகுக்கப்பட்டது என்று பார்க்கலாம். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைக்கும் வந்தவர்கள் பெரும்பாலும் கம்பும் கேழ்வரகும் சோளமும் உண்டு வளர்ந்தவர்கள். தோட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது அரிசி. இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியைத் தோட்ட நிர்வாகமே அளந்து கொடுத்து, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில்கூடத் தொழிலாளருக்குக் கொடுக்கும் அரிசியின் விலை ஒரு விடயமாக இருந்தது. இத்தனைக்கும் கொத்மலைப் பள்ளத்தாக்கின் அடியில் வயல்கள் இருந்தன. மலையில் கொழுந்து எடுத்தவர்கள் கீழே நெற்கதிரைக் கண்ணால் பார்த்தபடி கடல் கடந்து வந்த அரிசியைச் சமைத்தார்கள். (அந்த வயல்களில் பலவும் 1985இல் திறந்த நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டன.) 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, கூப்பனோடு கோதுமை மாவும் வந்தது. போர் முடிந்த பிறகும் மா போகவில்லை. 1973, 74இல் உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறி, நாட்டில் பங்கீடும் சுருங்கியபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. மாவை நம்பிய வாழ்க்கைக்கு மா கிடைக்காமற்போனால் என்ன ஆகும் என்பதை மலையகம் அப்போதே அறிந்துகொண்டது.

மலிவாகக் கிடைத்தது என்பதனால் மட்டும் ரொட்டி நிலைத்துவிடவில்லை. அது செய்யப்படும் விதத்தைக் கவனிக்கவேண்டும். மாவில் தேங்காய்த் துருவலும் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, உள்ளங்கையில் தடிப்பாகத் தட்டிக் கல்லில் போடுகிறார்கள். இரு பக்கமும் வெந்ததும் விளிம்பைத் தணலோரம் சாய்த்து வைத்தால் ஓரம் மொறுமொறுக்கும். இன்னொரு பக்கம் அம்மியில் செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, இருந்தால் கொஞ்சம் மாசி. விடியுமுன் சுட்ட ரொட்டி காலைத் தேத்தண்ணிக்கும் ஆகிறது, மலைக்குக் கொண்டுபோகவும் ஆகிறது. ஆறினாலும் கெடாது, சிந்தாது. கொழுந்து நிறுத்துவிட்டு அடுத்த நிரைக்குப் போகிற இடைவெளியில் நின்றபடியே தின்னலாம். சோறும் கறியும் இதற்கு ஒத்துவராது. பெரட்டு என்கிற காலை ஆள்கணக்குக்குப் பிந்தினால் அரை நாள் பேரை, அதாவது சம்பளத்தை, இழக்கக்கூடிய ஒரு பெண், கையிலிருந்த சில பொருட்களைக் கொண்டு கண்ட தீர்வு இது. ரொட்டிக்கும் சம்பலுக்கும் வேண்டிய முக்கியப் பொருட்கள் மலையில் விளைந்தவையல்ல என்பதையும் சொல்லவேண்டும். தேங்காய் குருநாகல் பக்கத்திலிருந்து வருகிறது, மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது, மா திருகோணமலை ஆலையில் அரைபடும் வெளிநாட்டுக் கோதுமை. கூடக் குடிக்கும் தேத்தண்ணியின் தேயிலை ஒன்றுதான் உள்ளூர்.

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் சம்பளத்தை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இந்தக் கணக்கு வெளிப்படையாகத் தெரியும். மா, அரிசி, பருப்பு, தேங்காய், நெத்தலிக் கருவாடு என்று பையின் அடி முதலில் நிரம்பும். மரக்கறி கடைசியில், மிச்சக் காசுக்கு. தரமான கரட்டும் லீக்ஸும் 1999இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கும் கொழும்புக்கும் லொறியேறிப் போகின்றன. மரக்கறி லொறி இறங்கும் அதே வீதியில் மா லொறி ஏறுகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக உயர்ந்தபோது தோட்டத்தின் நாட்சம்பளம் முந்தைய ஆண்டு நிர்ணயித்த 1,000 ரூபாதான். மாவின் விலை அரிசியையும் தாண்டிப் போயிற்று. நகரத்து வீடுகளில் பாண் குறைந்தது. லயத்தில் ஒரு வேளைச் சாப்பாடே குறைந்தது. 2024இல் சம்பளம் 1,350 ரூபாவாகியும் பை நிரம்பும் வரிசை மாறவில்லை.

வெளிநாட்டு மாவில் செய்ததை மரபு என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள். அப்படியானால் நுவரெலியாவின் பெருமையான கோவாவும் கரட்டும்கூட நமதில்லை. 1848இல் சாமுவேல் பேக்கர் போன்றவர்கள் பண்ணை போட்டு வளர்த்த ஐரோப்பியப் பயிர்கள் அவை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பொருள். துருக்கிக்கே திரும்பினால், இன்று உலகில் ஆளுக்கு மிக அதிகமாகத் தேநீர் குடிப்பவர்கள் துருக்கியர். அங்கே ரீசே நகரில் முதல் தேயிலைத் தொழிற்சாலை திறந்தது 1947இல்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு கோப்பி விலை எட்டாமற்போனதும், அரசே முன்னின்று தேயிலை வளர்த்ததும்தான் காரணம். ஒரு பேரரசின் வீழ்ச்சியும் வெறும் பணமுடையும் கொண்டுவந்த பானத்தைத் துருக்கியின் அடையாளம் என்று உலகம் ஒப்புக்கொள்கிறது. லயத்து ரொட்டி அதைவிடச் சில ஆண்டுகள் மூத்தது. அதற்கு மட்டும் வேறு அளவுகோல் எதற்கு?

இன்னொரு மறுப்பு கனமானது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளில் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். நாட்டுச் சராசரி 17.3 வீதம். மாச்சத்தும் காரமும் மட்டுமான ஓர் உணவைக் கொண்டாடுவது இந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் துரோகம் அல்லவா? இந்த எண்ணின் பாரத்தை நான் குறைத்துக் காட்டமாட்டேன். ஆனால் இதைக் காட்டித் தோட்டத்துத் தாய்மாருக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் உணவுப் பழக்கத்தை மாற்றச் சொல்லும் அறிவுரைதான். கீரையும் முட்டையும் நல்லவை என்று அவர்களுக்குத் தெரியாதது போல. லயத்தோரம் மாடு வளர்த்துப் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றுகிறவர்கள், அந்தக் காசில்தான் கடைக்கடன் அடைக்கிறார்கள் என்பது சந்தையைப் பார்த்தவருக்கு விளங்கும். ரொட்டியை அறியாமையின் விளைவு என்று எண்ணுபவர் பாடம் நடத்துவார். அதை ஒரு கெட்டிக்காரத்தனமான விடை என்று மதிப்பவர்தான், கேள்வியைப் போட்டவர் யார் என்று விசாரிப்பார். விசாரித்தால் சம்பளமும் வேலை நேரமும் காணியும் முன்னுக்கு வரும். லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் ராபுவும் நட்டிருக்கும் பாத்தி இன்றும் தோட்டத்துக்குச் சொந்தமானது. எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கப்படலாம். கடந்த ஆண்டுகளின் வீட்டுத்திட்டங்கள் பலவற்றில் கிடைத்தது 7 பேர்ச். வீடு போக அதில் மிஞ்சுகிற இடம் ஒரு குடும்பத்தின் மரக்கறிக்குப் போதாது. மலையகத்தவரின் உணவை மாற்ற விரும்புகிறவர்கள் முதலில் அந்தப் பேர்ச் கணக்கைக் கூட்டட்டும்.